தட்டிலிருந்து பாத்திக்கு: மலையகத்தில் வீட்டுத்தோட்டம் தொடங்குவோருக்கு

நுவரெலியா, கந்தப்பளை, வெலிமடைப் பகுதிகளில் ஏற்றப்படும் கரட்டும் லீக்ஸும் கோவாவும் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் போய், அங்கிருந்து நாடு முழுவதும் பரவுகின்றன. அதே மலைகளில் வாழும் பல குடும்பங்களின் சாப்பாடோ காலையில் கோதுமை மா ரொட்டியும் சம்பலும், பகலில் சோறும் பருப்பும் உருளைக்கிழங்கும், இடையிடையே சாயத்தண்ணீரும் என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடளாவிய ரீதியில் ஏறத்தாழ 17 சதவீதம். பெருந்தோட்டத் துறையிலோ ஏறத்தாழ 32 சதவீதம். வருமானம், தாயின் உடல்நிலை, குடிநீர், மலசலகூட வசதி எனப் பல காரணங்கள் இதன் பின்னால் இருக்கின்றன. மரக்கறிப் பாத்தி ஒன்று அவை எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் நாள்தோறும் தட்டில் கொஞ்சம் இலையும் கொஞ்சம் பழமும் சேர்வதற்கு லயத்துக்கு முன்னால் கிடக்கும் சிறு நிலமே போதும்.

நிலத்தைப் பார்த்ததும் ‘இங்கே எது நன்றாக விளையும், எதற்கு விலை போகும்’ என்று கேட்பது மலையகத்தில் இயல்பாகிவிட்டது. உடல்நலத்துக்காகத் தோட்டம் போடுகிறவர் கேட்க வேண்டிய முதற்கேள்வி வேறு: என் வீட்டுத் தட்டில் இப்போது எது இல்லை? அதற்கு விடை கிடைத்த பிறகே மம்பட்டியைக் கையில் எடுக்க வேண்டும்.

முதலில் தட்டைப் பாருங்கள்

ஒரு வாரத்துக்கு வீட்டில் சமைத்தவற்றை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் பழமும் மரக்கறியும் உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உருளைக்கிழங்கும் மரவள்ளியும் மாச்சத்து உணவுகள் என்பதால் இந்தக் கணக்கில் சேர்வதில்லை. ஐந்து பேர் கொண்ட வீட்டுக்கு இது நாளுக்கு இரண்டு கிலோ. இந்த அளவு முழுவதையும் வீட்டு முற்றத்திலிருந்து எடுக்க முடியும் என்று எதிர்பார்த்துத் தொடங்குகிறவர்கள் மூன்றே மாதத்தில் சலித்துப் போவார்கள். கோவா, கரட், பூசணி போன்றவை சில நாட்கள் கெடாமல் இருக்கும், விலை இறங்கும்போது சந்தையில் வாங்கிக்கொள்ளலாம். பறித்த சில மணி நேரத்திலேயே வாடி, சந்தைக்கு வருவதற்குள் சத்தையும் சுவையையும் இழக்கிற கீரை வகைகளும், கடையில் விலை கூடிய பழங்களும்தான் வீட்டு மண்ணில் முதலில் இடம்பெற வேண்டியவை.

மலையகத்துப் பெண்களுக்கு இதில் தனியான ஒரு காரணமும் உண்டு. இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகை களைப்பு, மூச்சு வாங்குதல், தலைசுற்றல் என்று நாளாந்த வேலையையே பாதிக்கும். கர்ப்ப காலத்தில் அது தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. கீரையிலும் பருப்பிலும் இரும்பு இருந்தாலும், இறைச்சியிலும் மீனிலும் உள்ள இரும்பைப் போல உடல் அதை எளிதாக உறிஞ்சுவதில்லை. அதே வேளையில் உண்ணும் விட்டமின் சி அந்த உறிஞ்சலைக் கூட்டுகிறது. சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் அதைப் பாதிக்கு மேல் குறைத்துவிடக்கூடும். தேயிலையை நம்பி வாழும் மக்களிடம் தேநீரைக் குறை கூறுவது சங்கடமான காரியம்தான். ஆயினும் சொல்ல வேண்டியது சுருக்கமானது: சோற்றோடோ ரொட்டியோடோ சாயம் குடிக்காமல், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள், கீரைச் சுண்டலில் தேசிக்காய் பிழியுங்கள், அல்லது சாப்பாட்டுக்குப் பின் ஒரு கொய்யா சாப்பிடுங்கள். தோடம்பழத்தைவிடக் கொய்யாவில் விட்டமின் சி ஏறத்தாழ நான்கு மடங்கு அதிகம், விலையும் குறைவு.

கரட், பூசணி, கடும்பச்சைக் கீரைகள் ஆகியவற்றிலுள்ள கரோட்டீன் உடலில் விட்டமின் ஏ ஆக மாறி, கண்ணுக்கும் தோலுக்கும் நோய் எதிர்ப்புக்கும் உதவுகிறது. பச்சைக் கீரைகளில் உள்ள போலேற்று என்னும் விட்டமின் கர்ப்பிணிகளுக்கு வேண்டியது. மரக்கறியின் நார்ச்சத்து மலச்சிக்கலைத் தவிர்ப்பதோடு, சோற்றிலிருந்து சீனி இரத்தத்தில் ஏறும் வேகத்தையும் கொழுப்பின் அளவையும் மட்டுப்படுத்துகிறது. நாற்பது வயதைக் கடந்தவர்களிடம் நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் பரவியிருக்கும் இக்காலத்தில், தட்டில் சோற்றுக் குவியலைச் சற்றுக் குறைத்து அந்த இடத்தில் கறியைக் கூட்டுவது பெரிய செலவில்லாத ஒரு மாற்றம். தோட்ட வேலை தரும் உடற்பயிற்சியைப் பலரும் பெரிதாக எழுதுவதுண்டு. பகல் முழுவதும் மலை ஏறி இறங்கிக் கொழுந்தெடுத்தவருக்கு அது தேவையில்லாத பேச்சு. கடையில், அலுவலகத்தில், வாகனத்தில் உட்கார்ந்தே வேலை செய்பவர்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் மட்டும் அது உண்மையான பலன்.

இடமும் மண்ணும்

லயக் காம்பராவின் அளவான பத்தடிக்குப் பன்னிரண்டடி நிலம் தொடங்குவதற்குப் போதும். அதில் மூன்றடி அகலமும் பத்தடி நீளமும் கொண்ட மூன்று பாத்திகளும், இடையில் ஒன்றரை அடியில் இரண்டு நடைபாதைகளும் அடங்கும். பாத்தி மூன்றடிக்கு மேல் அகலமாக இருந்தால் நடுவிலுள்ள களையை எட்டிப் பிடுங்க மண்ணை மிதிக்க வேண்டிவரும். மிதித்த மண் இறுகிப் போகும். நாளுக்கு ஐந்தாறு மணி நேரம் வெயில் படுகிற, அடுப்படியிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற இடமாகப் பாருங்கள். தூரத்திலுள்ள பாத்தி எவ்வளவு செழிப்பாக இருந்தாலும், மாலை மழையில் நனைந்துகொண்டு போய்க் கீரை பறிக்க யாரும் விரும்புவதில்லை.

சாய்வான நிலத்தில் பாத்திகள் சரிவுக்குக் குறுக்காக அமைய வேண்டும். மேலிருந்து கீழாக அமைத்தால் ஒரு மழையிலேயே மேல்மண் முழுவதும் கீழ்வீட்டுக் கானுக்குப் போய்விடும். கீழ் விளிம்பில் கற்களை அடுக்குவதோ சேரைப் புல் வரிசை வைப்பதோ மண்ணைத் தாங்கும். ஆனால் வீட்டின் பின்புற மண்மேட்டை வெட்டி இடம் உண்டாக்கும் எண்ணத்தை அடியோடு விட்டுவிடுங்கள். மண்சரிவு என்றால் என்ன என்று, 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் நடந்ததை அறிந்த மலையகத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை.

தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமான நிலமாயின், மரம் நடுவதற்கு முன் அனுமதி கேட்டுக்கொள்வது பின்னால் வரக்கூடிய மனக்கசப்பைத் தவிர்க்கும். நிலத்தில் உறுதியில்லாதவர்கள் கீரையையும் குறுகிய காலப் பயிர்களையும் நட்டு, கொய்யாவையும் எலுமிச்சையையும் பெரிய சாடிகளில் வைக்கலாம். நிலமே இல்லாதவர்களுக்கு வெறும் உரப்பைகள் உதவும். கழுவி, அடியில் துளையிட்டு, பாதிக்குப் பாதி மண்ணும் கூட்டெருவும் நிரப்பினால் தக்காளியும் கறிமிளகாயும் நன்றாகவே காய்க்கும். பூச்சிமருந்தோ களைநாசினியோ வந்த கேன்களையும் பீப்பாய்களையும் எத்தனை முறை கழுவினாலும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

மலையக மண்ணின் முக்கியமான குணம் அதன் புளிப்பு. தேயிலை அமில மண்ணை விரும்பும் செடி. அதற்குப் பிடித்த மண்ணில் பீட்ரூட்டும் கோவாவும் போஞ்சியும் தடுமாறும். நுவரெலியா வீட்டு முற்றங்களில் ஹைட்ரேஞ்சியாப் பூக்கள் நீல நிறத்தில் பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நீலம் மண் அமிலத்தன்மை உடையது என்பதற்கான இயற்கையின் அறிவிப்பு. மரக்கறிகளுக்கு ஆறு முதல் ஆறரை வரையான காரகாடித்தன்மை (pH; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) ஏற்றது. தேயிலை மண் பெரும்பாலும் நாலரைக்கும் ஐந்தரைக்கும் இடையில் இருக்கும். இதைச் சரிசெய்ய மாத்தளை போன்ற இடங்களில் வெட்டியெடுக்கப்படும் டொலமைட் என்னும் சுண்ணாம்புக்கல் தூள் மலிவாகவே கிடைக்கிறது. மண்பரிசோதனை செய்யாத நிலையில் சதுர மீற்றருக்கு 200 கிராம் என்ற அளவு பாதுகாப்பானது. மூன்று பாத்திகளுக்கும் ஏறத்தாழ 1.7 கிலோ போதும். நடுவதற்கு மூன்று நான்கு வாரங்களுக்கு முன்பே தூவி மண்ணோடு கலந்துவிட வேண்டும், ஏனெனில் அது மெதுவாகவே வேலை செய்யும். கோவா, நோக்கோல் ஆகியவற்றின் வேர் கட்டி கட்டியாக வீங்கிச் செடி வாடும் நோய் அமில மண்ணிலேயே அதிகம் என்பதால், டொலமைட் அதற்கும் ஓரளவு காவல். விறகடுப்புச் சாம்பலும் இதே வேலையைச் செய்யும். ஆனால் பிளாஸ்டிக்கும் பொலித்தீனும் எரித்த அடுப்பின் சாம்பல் வேண்டாம்.

உரத்துக்குக் கூட்டெருவை வீட்டிலேயே செய்யலாம். மரக்கறித் தோல், சாயம் வடித்த தூள், களை, சுண்டிய கீரைத் தண்டு ஆகிய ஈரமானவற்றையும், காய்ந்த இலை, மானாப்புல் போன்ற உலர்ந்தவற்றையும் மாறி மாறி அடுக்கி, இடையில் கொஞ்சம் மாட்டெருவைத் தூவி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட்டால் பதுளை, பண்டாரவளைப் பக்கத்தில் மூன்று மாதத்தில் மக்கிவிடும்; நுவரெலியாக் குளிரில் இன்னும் ஒரு மாதம் பொறுக்க வேண்டும். பாதையோரங்களில் மஞ்சள் பூவோடு மண்டிக் கிடக்கும் காட்டுச் சூரியகாந்தியின் இலையும், கிளிசிரிடியா இலையும் மிக நல்ல பசுந்தாள் உரங்கள். மக்காத கோழி எரு வேரைச் சுட்டுவிடும். அதோடு, பச்சையாக உண்ணும் சலாது, வல்லாரை போன்றவற்றுக்கு மக்காத எருவை இட்டால் அறுவடைக்கு முன் நான்கு மாத இடைவெளி வேண்டும். இல்லையேல் வயிற்றோட்டக் கிருமிகளும் தட்டுக்கு வந்து சேரும். 2021இல் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்து, சில மாதங்களிலேயே அது விலக்கப்பட்டதன் பிறகு, இரசாயனமா இயற்கையா என்ற வாதம் இன்னும் சூடாகவே இருக்கிறது. மூன்று பாத்தி வைத்திருப்பவர் அந்த வாதத்தில் பக்கம் சேர வேண்டியதில்லை. இவ்வளவு சிறிய நிலத்துக்குக் கூட்டெரு போதும் என்பதே காரணம்.

எதை, எப்போது

உயரமும் மழையும் தெரியாமல் பயிரைத் தேர்ந்தெடுக்க முடியாது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர், ஹற்றன் 1,270 மீற்றர், பண்டாரவளை 1,220 மீற்றர், பதுளை 680 மீற்றர், கண்டி 500 மீற்றர். முருங்கையும் பப்பாளியும் கண்டி, பதுளைப் பக்கங்களில் தழைக்கும். நுவரெலியாவில் அவற்றுக்காக நேரம் செலவிடுவது வீண். மேற்குச் சரிவுகளான ஹற்றன், மஸ்கெலியா, நோர்வூட் பகுதிகளில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கு மழை கொட்டும் என்பதால், பெப்ரவரி இறுதியிலோ மார்ச்சிலோ விதைத்து, வேர் பிடித்த செடிகளோடு மழையை எதிர்கொள்வது நல்லது. ஊவாவில் அதே மாதங்கள் காற்றும் வறட்சியுமாக இருக்கும். ஒக்டோபர் மழையோடு அங்கே தொடங்க வேண்டும். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் வானம் தெளிந்திருந்தால் துகள் பனி விழக்கூடும். லீக்ஸும் கரட்டும் கோவாவும் அதைத் தாங்கும், போஞ்சியும் தக்காளியும் உருளைக்கிழங்கும் கருகிவிடும், ஆகவே மாலையிலேயே சாக்கால் மூடிவிட வேண்டும்.

முதற்பாத்தி முழுவதையும் கீரைக்கே கொடுங்கள். பொன்னாங்காணியும் வல்லாரையும் ஒருமுறை நட்டால் ஆண்டுக்கணக்கில் நிற்பவை. மிக உயர்ந்த இடங்களில் அவை மெதுவாக வளர்வதால் சலாது, பீட்ரூட் இலை, நோக்கோல் இலை ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டாம் பாத்தியில் தக்காளியும் கறிமிளகாயும், ஓரத்தில் கம்பு நட்டு ஏறவிட்ட போஞ்சியும். மூன்றாவதில் முள்ளங்கி, பீட்ரூட், கரட். அடுத்த போகத்தில் இரண்டாவதையும் மூன்றாவதையும் இடம் மாற்ற வேண்டும். தக்காளி நின்ற இடத்தில் மறுபடி தக்காளியோ உருளைக்கிழங்கோ கறிமிளகாயோ நட்டால், மண்ணிலேயே தங்கியிருக்கும் வாடல் நோய் அடுத்த பயிரையும் பிடிக்கும். வேலியில் சௌசௌ கொடியை ஏற்றிவிட்டால் காய் ஒருபுறமிருக்க, அதன் இளந்தளிரும் நல்ல கீரை. பாஷன் புரூட் கொடி ஓராண்டுக்குள் காய்க்கத் தொடங்கும். மூலையில் ஒரு மரத்தக்காளி வைத்தால் ஒன்றரை இரண்டு ஆண்டுகளில் பழம் தரும், அதிக இடமும் கேட்காது. வெண்ணெய்ப்பழம், கொய்யா ஆகியவற்றில் ஒட்டுக் கன்றே வாங்குங்கள். விதைக் கன்று காய்க்கும்வரை பொறுமை காப்பது எல்லோராலும் ஆகிற காரியம் அன்று.

விதைக்கும் விதம்

பொன்னாங்காணிக்கு விதை தேவையில்லை. சந்தையில் வாங்கும் கட்டிலிருந்தே முற்றிய தண்டுகளைத் தேர்ந்து, நான்கு கணுக்கள் இருக்குமாறு ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நான்கு விரல் இடைவெளியில் சாய்த்து நடுங்கள். முதல் வாரம் நிழல் கொடுத்து ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் புதுத் துளிர் விடும். ஆறு வாரத்தில் முதல் வெட்டு. வேரோடு பிடுங்காமல், மண்ணுக்கு மேல் இரண்டு விரல் உயரம் விட்டுக் கூரிய கத்தியால் வெட்ட வேண்டும். பத்தடிப் பாத்தியை நான்கு பங்காக எண்ணிக்கொண்டு வாரத்துக்கு ஒரு பங்கை வெட்டினால், நான்காம் பங்கு முடியும்போது முதற்பங்கு மறுபடி தயாராக இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டி அக்கம்பக்கம் கொடுத்துவிட்டு ஒரு மாதம் கீரையில்லாமல் இருப்பதே புதியவர்களின் வழக்கம். இந்தச் சிறு ஒழுங்கு அதைத் தவிர்க்கும்.

கரட் கொஞ்சம் செல்லம் கேட்கும் பயிர். ஒரு சாண் ஆழத்துக்குக் கல்லையும் கட்டியையும் பொறுக்கி மண்ணைப் பொலபொலப்பாக்க வேண்டும். கல்லில் முட்டினாலோ மக்காத எருவில் பட்டாலோ கிழங்கு இரண்டு கால் மூன்று காலாகப் பிளந்துவிடும். விதை மிகச் சிறியது என்பதால் ஒரு பிடி உலர்ந்த மணலோடு கலந்து, அரை அங்குலத்துக்கும் குறைவான ஆழத்தில் கீறிய கோட்டில் தூவி, மெல்லிய மண்ணால் மூடி, மேலே காய்ந்த புல் பரப்பிப் பூவாளியால் நனையுங்கள். முளைக்கப் பத்துப் பதினான்கு நாட்கள் ஆகும்; முளை தெரிந்ததும் புல்லை நீக்கிவிட வேண்டும். மூன்று நான்கு வாரத்தில் செடி விரலளவு உயர்ந்ததும் கலைத்துவிடும் வேலை வரும். மழை பெய்து மண் இளகியிருக்கும் மாலையில், விடப்போகும் செடியின் இருபுறமும் இடக்கை விரல்களால் மண்ணை அழுத்திக்கொண்டு, வேண்டாததை வலக்கையால் அடியில் பிடித்து நேராக மேலே இழுத்தால், பக்கத்து வேர் அசையாது. செடிக்குச் செடி மூன்று விரல் இடைவெளி இருக்கட்டும். முளைத்ததைப் பிடுங்க மனம் வராமல் விட்டுவிடுகிறவர்களுக்கு மூன்று மாதத்துக்குப் பிறகு கிடைப்பது பென்சில் பருமனில் கிழங்குகள். கலைத்த செடியின் இளம் இலையைச் சம்பலில் சேர்க்கலாம்.

முதன்முறை விதைப்பவருக்கு முள்ளங்கியை நான் சிபாரிசு செய்வேன். ஒன்றரை மாதத்தில் கிழங்கும் இலையும் தந்துவிடும்; பிள்ளைகள் பொறுத்திருக்கக்கூடிய கால அளவும் அதுதான்.

பூச்சி, நோய், அடுத்த மலையின் மருந்து

மூடுபனி இறங்கி நாட்கணக்கில் இலை காயாத காலத்தில் தக்காளியிலும் உருளைக்கிழங்கிலும் நீர் கசிந்ததுபோன்ற கரும்புள்ளிகள் தோன்றி, சில நாட்களிலேயே செடி முழுவதும் கருகும். பின்கருகல் எனப்படும் இந்நோயை வீட்டளவில் மட்டுப்படுத்த, செடிகளை நெருக்கமாக நடாமல், கம்பு கட்டி, அடி இலைகளை நீக்கிக் காற்றோட்டம் கொடுத்து, மேலே பொலித்தீன் கூரையொன்று போட்டால் பெரும்பகுதி தப்பலாம். போஞ்சித் துளிரில் ஒட்டும் அழுக்கணவன் பூச்சிக்குச் சவர்க்காரத் தண்ணீர் தெளித்தால் போதும். கோவா இலையில் துளை விழுந்தால் இலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்புறத்தில் பச்சைப் புழுக்கள் இருக்கும், கையால் எடுத்துவிடலாம். மூன்று பாத்திக்குக் கையே மருந்து. பன்றியும் முள்ளம்பன்றியும் வரும் இடங்களில் வேலி இல்லாமல் கிழங்கு போடுவதில் பயனில்லை. குரங்குக்கு என்ன செய்வது என்று கேட்பீர்களானால், மலையகம் முழுவதும் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது.

உங்கள் பாத்தியில் மருந்து அடிக்காவிட்டாலும், பக்கத்துத் தேயிலை மலையிலோ உருளைக்கிழங்குத் தோட்டத்திலோ அடிப்பது காற்றோடு வரும். எல்லையை ஒட்டிக் கீரை நடாமல் அங்கே உயரமான வேலிச்செடியை வைக்க வேண்டும். தேயிலைக்கு நடுவே தானாக முளைத்த வல்லாரையையும் பொன்னாங்காணியையும் பறித்துச் சமைப்பது பழைய பழக்கம். அந்த மலையில் அண்மையில் களைநாசினி அடித்தார்களா என்று உறுதியாகத் தெரியாவிட்டால் பறிக்க வேண்டாம். வாங்கிய மரக்கறியை உப்பு நீரில் ஊறவைத்தால் மருந்து முழுவதும் போய்விடும் என்று சொல்வதுண்டு. ஓடும் நீரில் தேய்த்துக் கழுவினால் மேலே படிந்திருப்பதில் ஒரு பகுதி நீங்கும். செடிக்குள் ஊடுருவியது எந்த நீரிலும் நீங்காது. மருந்து அடித்தே ஆக வேண்டிய நிலை வந்தால், கடைசியாக அடித்த பிறகு எத்தனை நாள் கழித்து அறுவடை செய்யலாம் என்று சிட்டையில் குறிப்பிட்டிருக்கும் இடைவெளியைக் கட்டாயம் கடைப்பிடியுங்கள். சந்தேகங்களுக்கு அருகிலுள்ள கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் காணலாம். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி ஆலோசனைச் சேவையும் இருக்கிறது.

மலசலகூடக் கழிவு கலக்கும் கான் நீரைப் பாத்திக்குப் பாய்ச்சக் கூடாது. மண்ணில் இறங்கும்போது செருப்பாவது அணிந்துகொள்ளுங்கள். கொக்கிப்புழு பாதத்தின் தோல் வழியாகவே உடலுக்குள் நுழைந்து, குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுவது. 1916இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் துணையோடு இலங்கைத் தோட்டங்களில் தனி இயக்கமே நடத்தப்பட்ட அளவுக்கு அது அக்காலத்தில் பரவியிருந்தது. கீரையால் சேர்க்கும் இரும்பைப் புழுவுக்குக் கொடுக்காமல் இருக்க, கிளினிக்கில் சொல்லும் முறைப்படி புழு மாத்திரையும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுப்பும் தட்டும்

பறித்த அன்றே சமையுங்கள். கீரையை முதலில் கழுவிவிட்டுப் பிறகு நறுக்க வேண்டும். நறுக்கிய பின் கழுவினாலோ, நிறைய நீரில் அவித்து நீரை ஊற்றிவிட்டாலோ விட்டமின் சி-யும் போலேற்றும் நீரோடு போய்விடும். பொன்னாங்காணியைப் பொடியாக நறுக்கி, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு சேர்த்துச் சட்டியில் இரண்டு மூன்று நிமிடம் மட்டும் கிளறி, துருவிய தேங்காயைத் தூவி இறக்கி, அடுப்பிலிருந்து எடுத்த பிறகே தேசிக்காய் பிழியுங்கள். தேங்காயின் கொழுப்பு கரோட்டீனை உடல் ஏற்க உதவும். தேசிக்காய் இரும்பை ஏற்க உதவும். நம் பாட்டிமார் காரணம் சொல்லாமல் செய்துவந்த சமையல் இது. கரட்டைப் பச்சையாகத் தின்பதைவிடக் கொஞ்சம் தேங்காய்ப் பாலோடு வேகவைத்தால் அதன் கரோட்டீன் கூடுதலாகக் கிடைக்கும். பீட்ரூட்டைச் சமைத்துவிட்டு அதன் இலையை எறிவதும், நோக்கோல் இலையை ஆட்டுக்குப் போடுவதும் வீண்செலவு. பீட்ரூட் உண்ட மறுநாள் சிறுநீர் சிவப்பாகப் போனால் பயந்து வைத்தியசாலைக்கு ஓட வேண்டாம். சிலருக்கு அப்படி நிறம் மாறுவது இயல்பு. பழத்தைச் சீனி போட்டுச் சாறாக்காமல் அப்படியே உண்பது நல்லது, குறிப்பாக நீரிழிவுள்ளவர்களுக்கு. அவர்களும் ஒரு வேளைக்கு ஒரு நடுத்தரக் கொய்யாவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

சிலர் மட்டும் கவனமாக இருக்க வேண்டிய இடங்களும் உண்டு. சிறுநீரக நோயாளிகளுக்குக் கீரையிலும் பழத்திலும் உள்ள பொற்றாசியம் கூடிப்போகலாம். காமரங்காய் அவர்களுக்கு உயிராபத்தையே விளைவிக்கக்கூடியது, அதைத் தொடவே கூடாது. இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் எடுப்பவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாமல், வைத்தியரிடம் சொல்லி ஒரே அளவில் உண்ண வேண்டும். கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் கொடுக்கும் இரும்பு, போலிக் அமில மாத்திரைகளுக்குக் கீரை துணையே தவிர மாற்று ஆகாது. அதுபோலவே பாகற்காய்ச் சாற்றை நம்பி நீரிழிவு மாத்திரையை நிறுத்துவது ஆபத்தானது.

அடுத்த போகத்துக்கு

முதற்போகம் முடியும்போது கொப்பியை மறுபடி எடுத்து, ஒரு வாரச் சாப்பாட்டை முன்புபோல எழுதிப் பாருங்கள். விளைந்தும் தட்டுக்கு வராத பயிர் எது, பிள்ளைகள் தொடாத கறி எது என்பது அதில் தெரியும். அடுத்த முறை அவற்றைக் குறைத்துவிட்டு வீட்டார் விரும்பி உண்டதைக் கூட்டிப் போடலாம். விதையைப் பொறுத்தவரை, போஞ்சியில் திடமான இரண்டு கொடிகளின் காய்களைக் கொடியிலேயே முற்றிக் காயவிட்டு, உரித்து, நிழலில் உலர்த்திச் சாம்பலோடு போத்தலில் அடைத்தால் அடுத்த போகத்துக்கு ஆகும். கலப்பினப் பொதியிலிருந்து வந்த தக்காளியின் விதையை எடுத்து நட்டால் தாய்ச்செடியைப் போலக் காய்க்காது; நாட்டுத் தக்காளியானால் எடுத்து வைக்கலாம். கரட், பீட்ரூட், கோவா ஆகியவை விதை கொடுக்க நெடுங்காலம் எடுப்பதால் ஒவ்வொரு போகத்துக்கும் பொதி வாங்குவதே எளிது. வாங்கும்போது காலாவதித் திகதியைப் பார்த்து, மீதியை ஈரம் படாத தகரப் பேணியில் வைத்துக்கொள்ளுங்கள்.